ஒரே பிராண்ட், ஒரே வகை, நிறம் மட்டும் வேறு: நாய் உணவுப் பையில் போட்டிருக்கும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் 2 வயது லாப்ரடார். குட்டிப் பருவம் முடிந்ததிலிருந்து ஒரே பிராண்ட், ஒரே வகை உலர் உணவுதான் போடுகிறார். போன பை கரும்பழுப்பாக இருந்ததாம், இந்தப் பை வெளிறிக் கிடக்கிறது, உருண்டை கொஞ்சம் பெருத்திருக்கிறது, வாசனையும் வேறு மாதிரி. நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்கிறது, இரண்டு நாளாக மலமும் இளகிப் போகிறது. ஆனால் பையின் பின்னால் புரதம் 22, கொழுப்பு 10 என்று பழைய எண்களேதான். "அப்படியானால் இந்த எண்கள் பொய்தானே?" என்று முடித்திருக்கிறார். எண்கள் பொய்யா என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே விலை கொடுத்து வாங்கும் பையில் ஒவ்வொரு முறையும் ஒரே உணவுதான் வருகிறதா என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பதில் வேறு வேறு.

நான் மருத்துவர் இல்லை. கால்நடை ஊட்டச்சத்து படித்துவிட்டு, முதலில் நாமக்கல் பக்கம் கோழித் தீவன ஆலையிலும், அப்புறம் நாய், பூனை உணவு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றிலும் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். அதனால் உங்கள் நாய்க்கு ஏன் வயிறு இளகியது என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. பை எப்படி நிரம்புகிறது என்று சொல்ல முடியும்.

முதலில் எண்கள். பையை இன்னொரு முறை பாருங்கள், "குறைந்தபட்சம்" என்று போட்டிருக்கும். புரதமும் கொழுப்பும் குறைந்தபட்சம், நார்ச்சத்தும் ஈரப்பதமும் அதிகபட்சம். அதாவது 22 என்பது "22க்குக் கீழே போகாது" என்ற வாக்குதானே தவிர, "22 இருக்கிறது" என்பதல்ல. உள்ளே 22.3 இருக்கலாம், 25 இருக்கலாம், இரண்டும் சட்டப்படி சரி. ஒழுங்காக நடக்கும் ஆலை எதுவும் சரியாக 22க்குக் குறி வைக்காது, ஒன்றோ ஒன்றரையோ தள்ளித்தான் வைக்கும், ஏனென்றால் மூலப்பொருள் ஆடும் ஆட்டம் தெரியும். ஆய்வகமே கொஞ்சம் ஆடும். ஒரே மாதிரியை இரண்டு இடத்தில் கொடுத்தால் இரண்டு விடை வருவது இயல்பு. அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ இதற்கென்று ஒரு கணக்கே வைத்திருக்கிறது: 20ஐப் புரத சதவீதத்தால் வகுத்து 2ஐக் கூட்டு. 22 சதவீதப் புரதத்துக்கு அது கிட்டத்தட்ட 2.9 சதவீதம், அதாவது 0.6 அளவுக்கு ஏறி இறங்கினால் அது சோதனையின் ஆட்டம், உணவின் குற்றமல்ல. ஆகவே உங்கள் பையில் அந்த நான்கு எண்களும் பொய்யாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரிய ஆலைகளில் தினமும் சோதிப்பதே அந்த நான்கைத்தான்.

என் குறை அங்கேதான் தொடங்குகிறது. பையில் அச்சாகியிருக்கும் நான்கும், ஒரு உணவைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் நான்கு.

புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள், அதற்குப் பெயர்தான் கச்சாப் புரதம். நைட்ரஜன் கோழி இறைச்சியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. நாமக்கல் தீவன ஆலைகளில் மீன் தூள் லாரி வந்து நின்றால் புரதத்தோடு யூரியாவையும் மணலையும் சேர்த்துச் சோதிப்பது இதனால்தான். இதே ஓட்டை 2007இல் வட அமெரிக்காவில் நாய்களையும் பூனைகளையும் கொன்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனிலும் அரிசிப் புரதத்திலும் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம் கலந்திருந்தது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன், 6.25ஆல் பெருக்கினால் ஒரு கிலோ மெலமைன் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட "புரதம்" என்று காட்டும். மெலமைனும் அதோடு வந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்தன. மெனு ஃபுட்ஸ் என்ற ஒரு நிறுவனம் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது, அந்த ஒரே நிறுவனத்திலிருந்து பல பிராண்டுகள் வெளியே போய்க்கொண்டிருந்தன என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2004இல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது பூஞ்சை நச்சு என்று நினைத்தார்கள், 2007க்குப் பிறகு பழைய திசு மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது அதே படிகங்கள் இருந்தன. இவ்வளவு நடந்த உணவுகளின் லேபிளில் புரத எண் ஒழுங்காகத்தான் இருந்தது.

சரி, கலப்படம் அபூர்வம். அன்றாடம் நடப்பதைப் பார்ப்போம். உலர் உணவின் முக்கால்வாசி மக்காச்சோளம், குருணை, சோயா, கோழி மீல் (கோழிக் கழிவை வேகவைத்துக் காயவைத்து அரைத்த தூள்) போன்ற சாதாரணச் சரக்குதான். மக்காச்சோளத்தில் புரதம் 7லிருந்து 10 வரை ஆடும். கோழி மீல் இன்னும் மோசம்: அன்றைக்கு வந்த சரக்கில் சதை அதிகமா எலும்பு அதிகமா என்பதைப் பொறுத்துச் சாம்பல் (எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்) ஏறும், சாம்பலோடு கால்சியம் ஏறும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், உணவில் 25 சதவீதம் கோழி மீல், அதன் கால்சியம் ஒரு முறை 4 சதவீதம், அடுத்த முறை 6 சதவீதம் என்றால், உருண்டையில் 0.5 சதவீதம் கால்சியம் கூடிவிடும். 2 வயது நாய்க்கு அது பெரிய விஷயமில்லை. அதே உணவை 4 மாத கிரேட் டேன் குட்டி சாப்பிட்டால் விஷயம்தான். பெரிய இன குட்டிகளுக்கு ஈரப்பதம் நீக்கிய கணக்கில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் போகக்கூடாது என்று ஆஃப்கோ தனி உச்சவரம்பு வைத்திருக்கிறது, மற்ற நாய்களுக்கு 2.5. அளவு மீறினால் எலும்பு வளர்ச்சி கோணலாகும். அந்தக் கால்சியம் உங்கள் பையில் அச்சாகியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

நல்ல ஆலை இதைச் சமாளிக்கும். வரும் சரக்கை லாரியிலேயே மாதிரி எடுத்து, அகச்சிவப்புக் கருவியில் சில நிமிடங்களில் ஈரப்பதம், புரதம், கொழுப்பு பார்த்து, அதற்கேற்பக் கலவையைத் திருத்தும். ஆனால் எந்தப் பக்கம் திருத்துகிறார்கள் என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, பொருட்களும் அளவும் மாறக்கூடாது, விலை ஏறினால் ஏறட்டும் என்று வைத்திருப்பது, நிலையான ஃபார்முலா என்பார்கள். இன்னொன்று, இலக்குச் சத்து இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, இந்த வாரம் எது மலிவோ அதை வைத்துக் கணினி போடும் கலவை. கோழித் தீவனத்தில் நாங்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் செய்கிறோம், அதில் தப்பும் இல்லை, கறிக்கோழிக்கு ஆறு வாரம்தான் கணக்கு. நாய்க்கும் செய்யலாம், சத்து அளவில் அது மோசமாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வயிற்றுக்கு இரண்டும் ஒன்றல்ல, கோதுமை குறைந்து குருணை கூடினால் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அது வேறு சாப்பாடு, சில நாள் மலம் இளகும். உங்கள் பையில் "தானியங்கள் மற்றும் தானிய உபபொருட்கள்", "இறைச்சி மற்றும் இறைச்சி உபபொருட்கள்" என்று கூட்டமாகப் போட்டிருந்தால், உள்ளே ஆளை மாற்ற இடம் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நிறத்துக்கும் உருண்டைக்கும் வருகிறேன். மாவு எக்ஸ்ட்ரூடர் என்ற, மாவைப் பிசைந்து அழுத்தித் தள்ளும் இயந்திரத்துக்குள் நீராவியும் அழுத்தமுமாக 110 முதல் 150 டிகிரி வரை சூடாகி, அச்சு வழியாக வெளியே வரும்போது பொரிந்து விரிகிறது. ஈரப்பதமோ மாவுச்சத்தோ கொஞ்சம் மாறினாலே விரிவு மாறும், உருண்டை பெருக்கும். உலர்த்தியில் கூடுதல் சூடு பட்டால் கறுக்கும். ஆகவே வெளிறிய பை என்றாலே சத்துக் குறைந்த பை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லப்போனால் கறுத்த பையில்தான் சூடு தாங்காமல் லைசின் என்ற அமினோ அமிலம் கொஞ்சம் வீணாகியிருக்க வாய்ப்பு. எப்போதும் ஒரே நிறத்தில் வரும் உணவைப் பார்த்து யாரும் நிம்மதி அடையவும் வேண்டாம், பல உணவுகளில் நிறமூட்டி போடுவதே பை மாறினால் வாடிக்கையாளர் பயப்படக்கூடாது என்பதற்காகத்தான். நாய்க்கு நிறத்தைப் பற்றிக் கவலையே கிடையாது.

உருண்டை பெருத்தது மட்டும் உங்கள் சமையலறையில் ஒரு வித்தியாசம் செய்யும். நீங்கள் கப்பில் அளந்து போடுபவராக இருந்தால், அதே கப்பில் இப்போது எடை குறைவாக விழும். போன பை கெட்டியாக இருந்திருந்தால் இத்தனை நாள் அதிகமாகப் போட்டிருப்பீர்கள். அதோடு கொழுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் வாசனைச் சாறும் கடைசியில்தான் உருண்டை மேல் தெளிக்கப்படுகின்றன, ஆலையில் அதிகம் ஏறி இறங்குவது இந்த இடம். புரதம் 22, நார் 4, சாம்பல் 8, ஈரப்பதம் 10 என்று வைத்து, கொழுப்பு 10 என்றால் 100 கிராமுக்குச் சுமார் 323 கிலோகலோரி வருகிறது. கொழுப்பு 13ஆக இருந்தால் 338. லேபிள் இரண்டுக்கும் ஒன்றே, குறைந்தபட்சம் 10. ஒரு நாளைக்கு 350 கிராம் சாப்பிடும் நாய்க்கு 50 கிலோகலோரி வித்தியாசம். லாப்ரடாருக்கு இது ஒரு வருடத்தில் இடுப்பில் தெரியும். எடை போட்டுக் கொடுங்கள், ஒரு சமையலறைத் தராசு போதும்.

ஆனால் நான் தூக்கம் கெட்டது எதற்காக என்று கேட்டால், பிரீமிக்ஸுக்காக. வைட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்த தூள், டன்னுக்குச் சில கிலோ மட்டுமே போடுவது. புரதத்தில் 5 சதவீதம் பிசகினால் ஒன்றும் ஆகாது. இதில் ஒரு மூட்டை மாறினால் நாய் சாகும். 2019 ஜனவரி கடைசியில் ஹில்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் டப்பா நாய் உணவுகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது நினைவிருக்கலாம். பிரீமிக்ஸ் கொடுத்தவர் தவறால் வைட்டமின் டி அளவு மீறிப் போயிருந்தது, சோதித்த ஒரு மாதிரியில் பாதுகாப்பான உச்சவரம்பைப் போல 30 மடங்குக்கும் மேல். அந்த டப்பாவைப் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் என்று நூறு முறை சோதித்திருந்தாலும் எல்லாம் சரி என்றே வந்திருக்கும். ஹில்ஸ் கத்துக்குட்டி நிறுவனமும் இல்லை, கால்நடை மருத்துவர்கள் சீட்டெழுதிக் கொடுக்கும் நிறுவனம். பெரிய பெயர் என்றால் பிசகாது என்பவர்களுக்கும் சின்ன நிறுவனம்தான் மனசாட்சியோடு செய்யும் என்பவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

அளவு கூடுவது மட்டுமல்ல, கரைவதும் உண்டு. தயமின் என்ற வைட்டமின் பி1உம் வைட்டமின் ஏயும் சூட்டில் கரையும், அதனால் கூடுதலாகப் போட்டு அனுப்புவோம். பிரீமிக்ஸில் கோலின் குளோரைடு சேர்ந்திருந்தால், ஈரத்தை இழுத்து, மூட்டையிலேயே மற்ற வைட்டமின்களைத் தின்ன ஆரம்பித்துவிடும். எனவே புதிதாக வந்த பையும் காலாவதி நெருங்கிய பையும் ஒரே பேட்சாக இருந்தாலும் ஒன்றல்ல. பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு: 1987 வரை நல்ல பிராண்ட் உணவு தின்ற பூனைகளே இதயம் வீங்கிச் செத்தன, டாரின் என்ற அமினோ அமிலத்தின் குறைவுதான் காரணம் என்று பால் பயான் (Paul Pion) என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அன்றைய விதிப்படி அந்த உணவுகளில் டாரின் போதுமான அளவு இருந்தது, விதியே போதவில்லை. இன்று உலர் உணவில் 0.1 சதவீதம், டப்பா உணவில் 0.2 சதவீதம் டாரின் என்று இருக்கிறது, இரண்டும் ஏன் வேறு என்றால் பதப்படுத்தும் விதம் மாறும்போது உடலில் தங்குவதும் மாறுகிறது.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான். நாம் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி சப்பாத்தி என்று தின்கிறோம், ஒரு நாள் உப்புமாவில் இரும்புச் சத்து குறைந்தால் இன்னொரு வேளை சரிக்கட்டிவிடும். நாய்க்கு வேளைக்கு வேளை ஒரே பை. அதில் உள்ள சின்னப் பிசகு தினமும் கூடிக்கொண்டே போகும். "முழுமையான, சமச்சீர் உணவு" என்ற வாசகம் இதற்கு உத்தரவாதமா என்றால், பாதி. அதை இரண்டு வழியில் போடலாம், காகிதத்தில் சத்து அளவு எட்டியிருந்தால் ஒன்று, நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் இன்னொன்று. இரண்டாவது உசத்தி என்று பலர் சொல்வார்கள். ஆஃப்கோ முறையில் வளர்ந்த நாய்களுக்கு அது 8 நாய், 26 வாரம், 6 நாயாவது முடிக்க வேண்டும். அன்றைக்குச் செய்த ஒரு பேட்சைப் பற்றித்தான் அது சொல்கிறது, நீங்கள் நேற்று வாங்கியதைப் பற்றி அல்ல. ஆஃப்கோவும் தானாக எந்த உணவையும் சோதிப்பதோ சான்று தருவதோ இல்லை, அது மாதிரி விதி எழுதும் சங்கம்.

நம் ஊர் நிலைமை இன்னும் தளர்வு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "உணவு" என்பதன் வரையறையிலேயே விலங்குத் தீவனம் கிடையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்று ஒரு தரம் இருக்கிறது, விருப்பமுள்ளவர் பின்பற்றும் வகை. ஆகவே இங்கே பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அந்த ஆலையின் ஒழுக்கம்தான்.

பூஞ்சை நச்சைச் சொல்லாமல் விட முடியாது. மழையில் அறுத்த, சரியாகக் காயாத மக்காச்சோளத்தில் அஃப்லாடாக்சின் வரும், எக்ஸ்ட்ரூடர் சூட்டில் முழுதாக அழியாது. அமெரிக்காவில் 2005 கடைசியிலும் 2020 கடைசியிலும் இதனாலேயே ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு மேல் நாய்கள் செத்தன. லாரி முழுக்க நல்ல சரக்காக இருந்து ஒரு மூலையில் மட்டும் பூஞ்சை இருக்கும் என்பதால் மாதிரி எடுப்பதில் தப்பிவிடுகிறது. ஒரே பேட்சில் ஒரு பை சுத்தமாகவும் அடுத்தது விஷமாகவும் இருக்க முடிகிற விஷயம் இது. இதற்கு நேர்மாறாக, தானியம் இல்லாத உணவால் நாய்க்கு இதய நோய் வரும் என்பது இன்னும் நிரூபணமாகாதது. 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது, காரணத்தொடர்பு இதுவரை உறுதியாகவில்லை. வாட்ஸப்பில் வருவது போல அது முடிந்துபோன வழக்கு இல்லை.

உடனே சிலர் "கடை உணவே வேண்டாம், வீட்டில் கோழியும் சோறும் போடுங்கள்" என்பார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் நிலையான சத்து என்ற கேள்விக்கு அது மிக மோசமான பதில். எலும்பில்லாக் கோழியும் சோறும் மட்டும் என்றால் கால்சியம் கிட்டத்தட்ட கிடையாது. காலையில் கடை உணவு, ராத்திரி தயிர்சாதம் என்று பாதிப் பாதி கொடுப்பவர்கள், பையில் உள்ள கணக்கு தங்கள் நாய்க்குப் பொருந்தாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நாய். வாந்தி, சோர்வு, ஈறோ கண் வெள்ளையோ மஞ்சளாவது, தண்ணீர் அதிகம் குடிப்பது, இதில் ஏதாவது இருந்தால் அந்தப் பையை நிறுத்திவிட்டு இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், பையையும் எடுத்துப் போங்கள். வெறும் இளகல் என்றால் பெரும்பாலும் கலவை மாறியதன் குழப்பம். பழைய பையில் மிச்சம் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். இனிமேல் ஒரே பிராண்ட் என்றாலும் பழைய பையில் ஒரு கிலோ மீதி இருக்கும்போதே புதியதை வாங்கிக் கலந்து போடுங்கள். உணவைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாமல் பையோடு வையுங்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. 20 கிலோ மூட்டையைப் பிரித்துக் கவரில் கட்டி உதிரியாக விற்பதை வாங்காதீர்கள், அதற்குத் தேதியும் இல்லை, எண்ணும் இல்லை, எண்ணெய் காறிப்போயும் இருக்கும்.

சோதித்தே தீருவேன் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மேலே இருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுக்காதீர்கள், பையின் பல இடத்திலிருந்து எடுத்துக் கலந்து கொடுங்கள். புரதத்துக்குப் பணம் கட்டி வீணாக்காமல் கால்சியம், பாஸ்பரஸ், அஃப்லாடாக்சின் மூன்றும் கேளுங்கள். அதைவிடச் செலவில்லாத வழி, நிறுவனத்துக்குப் பேட்ச் எண்ணையும் இரண்டு பைகளின் படத்தையும் அனுப்பி, கலவை மாறியதா, கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி, குறைந்தபட்சம் அல்லாமல் உண்மைச் சராசரி எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, வரும் பிரீமிக்ஸைச் சோதிக்கிறீர்களா என்று எழுதிக் கேட்பது. ஒழுங்கான ஆலையில் இந்தப் பதில்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு தாளில் இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காது. "எங்கள் தயாரிப்பு உயர்ந்த தரத்தில் தயாரிக்கப்படுகிறது" என்று மட்டும் வந்தால், நானாக இருந்தால் அடுத்த பையை வேறு பிராண்டில் வாங்குவேன்.